சனிக்கிழமை மதியத்துக்கு ஓர் ஏற்பாடு: வெளிநாடு செல்லும் இந்தியருக்குத் தனிமை பற்றிய வழிகாட்டி

வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ புறப்படுகிறவர்களுக்கு விசா, விமானச் சீட்டு, தங்குமிடம், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு பட்டியல் எழுதித் தந்துவிடுகிறார்கள். போய் இறங்கிய மூன்றாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகு, இருட்டும் வரை யாருடனும் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நான்கைந்து மணி நேரத்துக்கு மட்டும் பட்டியல் கிடைப்பதில்லை. அதை எப்படிக் கையாள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகச் சொல்கிறது. சொந்த ஊரைவிட்டு நகராதவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். கடல் கடந்து போனவருக்கு அது வராமலிருந்தால்தான் வியப்பு.

தனிமை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு வெவ்வேறு குறைகள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் இவற்றைப் பிரித்துக் காட்டினார். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதது ஒரு குறை. நம்மை அறிந்த, நாம் ஓர் அங்கமாக இருக்கும் கூட்டம் இல்லாதது இன்னொரு குறை. ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேட்காது என்பதுதான் அவர் சொன்னதில் நமக்குப் பயன்படும் பகுதி. தினமும் அம்மாவுடன் ஒரு மணி நேரம் பேசியும் வெறுமை தீரவில்லையே என்று குழம்புகிறவர்கள், முதல் குறைக்கான மருந்தை இரண்டாவதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாரந்தோறும் பத்துப் பேருடன் கிரிக்கெட் ஆடிவிட்டு, அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும் கண் கலங்குகிறவர்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆகவே எதையும் தொடங்குமுன் உங்களிடம் எது குறைகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் கூப்பிட ஆள் இல்லையா, அல்லது ஒரு வாரம் நீங்கள் காணாமல் போனால் கவனிப்பதற்கே யாரும் இல்லையா? இரண்டு வகை உறவும் இல்லை என்றால், இரண்டாவதிலிருந்து தொடங்குவது எளிது. முதலாவது பெரும்பாலும் அதற்குள்ளிருந்துதான் முளைக்கிறது.

கிளம்புவதற்கு முன்

ஊரில் உண்மை பேசுவதற்கு ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெற்றோர் அதற்கு ஏற்றவர்கள் அல்லர். நீங்கள் சொல்லும் அரை வாக்கியத்துக்கு அவர்கள் மூன்று இரவு தூக்கத்தை இழப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வீர்கள். ஒரு நண்பரிடமோ அத்தை மகனிடமோ முன்கூட்டியே, "என்னிடமிருந்து அழைப்பு வந்தால் அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்" என்று பேசி வைத்துவிட்டுப் போவது நல்லது.

வீடு பார்க்கும்போது, முதல் ஆறு மாதத்துக்காவது தனி வீடு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், குறைந்த வாடகைக்கு, அமைதியான தனி அறை கிடைத்தது என்று மகிழ்ந்து குடிபோனவர்கள் பலர் குளிர்காலத்தில் அந்த அமைதியிடமே மாட்டிக்கொள்கிறார்கள். சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் சில எரிச்சல்கள் உண்டு. ஆனால் காலையில் "பால் தீர்ந்துவிட்டது" என்று சொல்வதற்காவது ஓர் ஆள் இருப்பார்.

மன அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள், மருத்துவரின் சீட்டையும் நோய் விவரக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வளைகுடா நாடுகளில் இவ்வகை மருந்துகள் சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எடுத்துச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். பயத்தில் மருந்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது மிக மோசமான முடிவு.

கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத அமெரிக்கப் புறநகர் போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள். அது ஓராண்டுக்குச் செல்லும். அதற்குள் அந்த ஊர் உரிமத்தைப் பெற்றுவிடலாம். கூடவே, திரும்பி வருவதற்கான ஒரு விமானச் சீட்டின் விலையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைத் தொடாமல் வைத்திருங்கள். நினைத்தால் போகலாம் என்ற நிலை இருந்தால், இருப்பது பாதி சுலபமாகிவிடும்.

முதல் இரண்டு வாரம்

இந்த நாட்களில் தனிமை பெரும்பாலும் தெரியாது. வேலைகள் நெட்டித் தள்ளும். அந்த வேகத்திலேயே சிலவற்றை முடித்துவிடுங்கள். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில், உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டருகிலுள்ள மருத்துவரிடம் பதிந்துவிடுங்கள். மனம் தளர்ந்த பிறகு படிவம் நிரப்ப ஓடாது.

பிறகு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அங்கேயே போகத் தொடங்குங்கள்: ஒரு காபிக் கடை, ஒரு மளிகைக் கடை, ஒரு பூங்கா அல்லது நூலகம். கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் ஆகிய இரு உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காபி வாங்கும்போது கடைக்காரரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், காசைக் கொடுத்துக் கோப்பையை வாங்கி நகர்ந்தவர்களைவிட மகிழ்ச்சியாகவும் ஏதோ ஒன்றில் சேர்ந்த உணர்வோடும் இருந்தார்கள். ஊரில் இது நமக்குக் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது; பால்காரர், இஸ்திரி போடுகிறவர், பேருந்து நடத்துநர் என்று நாளுக்கு இருபது பேர் நம்மிடம் பேசினார்கள். வெளிநாட்டில் தானியங்கிக் கல்லா அந்த இருபது பேரையும் எடுத்துவிடுகிறது. ஆகவே வரிசை நீளமாக இருந்தாலும், ஆள் நிற்கும் கல்லாவுக்கே போங்கள்.

சரிவு எப்போது வரும்? நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வே நாட்டினரை ஆராய்ந்து 1955இல் எழுதியபோது, ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலோ தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தடுமாறியதாகக் குறிப்பிட்டார். பிற்பாடு வந்த ஆய்வுகள், நடுவில் தாழ்ந்து பிறகு மீளும் இந்த வளைவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று காட்டின. சிலருக்கு முதல் வாரமே கடினமானது. ஆனாலும் தொடக்கத்தில் நன்றாக இருந்து நான்காம் மாதத்தில் சரிகிறவர்கள், தம்மிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காமலிருக்க இது உதவும்.

தொலைபேசியை ஒழுங்குபடுத்துங்கள்

இங்கே பலர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். என் கைபேசியின் முகப்பில் ஓராண்டு முழுவதும் சென்னை நேரம்தான் இருந்தது. உடல் ஒரு நாட்டிலும் பொழுது இன்னொரு நாட்டிலும் இருந்தால் இரண்டிலும் வாழ முடியாது. குடும்பக் குழுவில் காலையிலிருந்து வரும் படங்களுக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டு, ஊர்த் தொடர்களையும் ஊர்ச் செய்திகளையும் பார்த்துக்கொண்டு, நடு இரவு வரை விழித்திருந்தால், எதிரே உட்கார்ந்து வேலை செய்கிறவரின் பெயர்கூட மனத்தில் தங்காது.

வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள், குறித்த நேரத்தில் பேசுவது என்று வீட்டாரோடு முடிவு செய்துகொள்ளுங்கள். நேர வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். கோடையில் கலிஃபோர்னியாவில் இரவு 8 மணி என்றால் இந்தியாவில் மறுநாள் காலை 8:30. பேசத் தோதான நேரம். லண்டனில் வேலை முடித்து மாலை 6 மணிக்கு அழைத்தால், இந்தியாவில் கோடையில் இரவு 10:30, குளிர்காலத்தில் 11:30 ஆகிவிடும். லண்டனில் இருப்பவர்கள் தங்கள் மதிய உணவு இடைவேளையில் பேசுவதுதான் வயதானவர்களுக்கு வசதி. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு செல்லாது என்பதால், அங்கு அனுமதிக்கப்பட்ட செயலியை ஊரிலுள்ள பெற்றோரின் கைபேசியிலும் கிளம்புமுன் போட்டுக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

என்ன பேசுவது என்பதையும் கொஞ்சம் மாற்றலாம். "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, உடம்பு எப்படி இருக்கு" என்ற மூன்று கேள்விகளில் பேச்சு தீர்ந்துவிடுகிறது; பிறகு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட, கைபேசியை அடுப்பருகே சாய்த்து வைத்துவிட்டு, நீங்கள் வெங்காயம் நறுக்க, அவர்கள் அங்கே கீரை ஆய, பேசினாலும் பேசாவிட்டாலும் அரை மணி நேரம் கூட இருப்பது மேல். வீட்டில் சேர்ந்து இருந்ததும் அப்படித்தானே.

ஒரே இடம், ஒரே நேரம், ஒரே முகங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிய ஊருக்கு அண்மையில் குடிபெயர்ந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்து அவர் போட்ட கணக்கின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும்படி ஆவதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாக உதவவில்லை.

இதைச் சாதாரணக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் சந்திக்கும் ஒருவரோடு 50 மணி நேரம் சேர 25 வாரம் ஆகும். நான்கு மணி நேரம் என்றால் 13 வாரம். நெருங்கிய நட்புக்கு, வாரம் நான்கு மணி நேரம் என்ற கணக்கில் ஓராண்டு ஓடிவிடும். ஆகவே நான்காம் மாதத்தில் "இங்கே எனக்கு நண்பர்களே இல்லை" என்று நீங்கள் சொன்னால், உங்கள் குணத்தில் ஏதோ குறை என்று பொருளில்லை. மணிக்கணக்கு இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். ஆண்டுக்கொரு முறை இரண்டாயிரம் பேர் கூடும் பொங்கல் விழாவுக்குப் பட்டு வேட்டியோடு போய் வருவதில் இந்தக் கணக்கு ஏறுவதில்லை என்பதும் இதிலிருந்தே தெரியும். ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு சந்திப்புக்குப் போய் முப்பது பேரிடம் தொலைபேசி எண் வாங்கி வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்.

தேட வேண்டியது, வாரந்தோறும் ஒரே நேரத்தில் பெரும்பாலும் அதே ஆட்கள் கூடுகிற, கைக்கு ஏதாவது வேலை இருக்கிற ஓர் இடம். கைக்கு வேலை இருந்தால் பேச்சு இல்லாத இடைவெளிகள் சங்கடப்படுத்தாது. மொழி தடுமாறுகிறவர்களுக்கும் கூச்சமுள்ளவர்களுக்கும் இது பெரிய வசதி.

அப்படிப்பட்ட இடங்கள் நினைப்பதைவிட அதிகம். 2004இல் லண்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் பார்க்ரன்னில், சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர் ஓடவோ நடக்கவோ கட்டணம் கிடையாது. ஓட விரும்பாதவர்கள் தன்னார்வலராக நின்று நேரம் குறிக்கலாம், ஓடுகிறவர்களைவிட அவர்களுக்குள் பழக்கம் சீக்கிரம் ஏற்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் நகரந்தோறும் உள்ள ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனும் மக்கள் கல்வி நிலையங்களில் மொழியிலிருந்து மரவேலை வரை மாலை வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. சுவீடனில் குடியேறிகளுக்கான சுவீடிய மொழி வகுப்பு இலவசம். அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் ஆங்கில உரையாடல் குழுக்களை நடத்துகின்றன. மேடைப் பேச்சுக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்கள் ஏறக்குறைய எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. நம்மவர்கள் நடத்தும் வார இறுதிக் கிரிக்கெட் குழுக்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் மடைப்பள்ளி எல்லாம் இதே வகை. குருத்வாராவில் எந்த மதத்தவரும் போய்ச் சாப்பிடலாம் என்பது பலருக்குத் தெரியும். சமைப்பதிலும் பாத்திரம் கழுவுவதிலும் எவரும் கைகொடுக்கலாம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு.

போனதும் செய்ய வேண்டியது, விருந்தாளியாக இருப்பதை விரைவில் நிறுத்துவது. நாற்காலி அடுக்குவது, கணக்கு எழுதுவது, சாவி வைத்துக்கொள்வது என்று சிறிய பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பார்வையாளர் வரவில்லை என்றால் யாரும் தேடமாட்டார்கள். சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் அழைப்பு வரும். அந்த அழைப்புதான் உங்களுக்கு வேண்டியது.

முதல் இரண்டு வாரம் சலிப்பாகவும், மூன்றாம் வாரம் அவமானமாகவும்கூட இருக்கலாம். எல்லோரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள், நீங்கள் ஓரத்தில் நிற்பீர்கள். எட்டு முறை போகும் வரை அந்த இடத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வருவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம் வாக்கில், அந்தக் கூட்டத்தில் ஒருவரை மட்டும், "இது முடிந்ததும் தேநீர் குடிக்கப் போகலாமா" என்று நீங்களே கேளுங்கள். மற்றவர் கேட்பார் என்று காத்திருப்பதில் ஆண்டுகள் போயிருக்கின்றன.

நம்மவர்களும் அந்த ஊர்க்காரர்களும்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபெட்னா 1987 முதல் இருக்கிறது. பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில் 1976இலும், ஜெர்மனியின் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இலும் எழுந்தவை. புதிதாக வருகிறவருக்கு இத்தகைய இடங்கள் தரும் ஆறுதல் பெரியது. தமிழில் விளக்கம் சொல்லாமல் பேசுவதே ஓய்வு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இவ்விடங்களைப் பெரும்பாலும் கட்டியெழுப்பியவர்கள் ஈழத் தமிழர்கள். ஹாம் கோயிலாகட்டும், பாரிஸின் லா ஷப்பெல் கடைத்தெருவாகட்டும், டொராண்டோவின் ஸ்கார்பரோவிலுள்ள தமிழ்க் கடைகளாகட்டும், அவர்கள் போரிலிருந்து தப்பி வந்து உண்டாக்கியவை. அவர்களுடைய தமிழைத் திருத்தாமல், அவர்கள் சொல்லத் தொடங்கும் வரை பழைய கதையைக் கிண்டாமல் பழகினால், அக்கா, அண்ணா என்று அழைக்க உறவுகள் கிடைக்கும்.

மறுபக்கமும் உண்டு. "தம்பிக்கு எந்த ஊர்ப் பக்கம்" என்று தொடங்கிச் சாதியில் போய் முடியும் விசாரணை கடல் கடந்தும் நடக்கிறது. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு மேல் தோண்டுகிற கூட்டத்தில் நீடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மளிகைக் கடையில் ஒருவர் தானாக வந்து, "நீங்க இந்தியாவா, எந்த கம்பெனி" என்று அன்பாகப் பேசி எண் வாங்கி, மறுவாரம் வீட்டுக்கு வந்து கூடுதல் வருமானத்துக்கான சங்கிலித் தொடர் வணிகத்தை விளக்குவதும் அமெரிக்க நகரங்களில் வழக்கம். அது நட்பு இல்லை. இணையத்தில் அறிமுகமாகி, நேரில் பார்க்குமுன்னரே முதலீடு பற்றிப் பேசுகிறவர்கள் இதைவிட ஆபத்தானவர்கள். மோசடிக்காரர்கள் தனித்திருப்பவர்களைத்தான் தேடுகிறார்கள்.

அந்த நாட்டவரோடு பழகுவதில் பெரும்பாலான மனவருத்தங்கள் அழைப்பின் இலக்கணம் புரியாததால் வருபவை. அமெரிக்கர் ஒருவர் "ஒருநாள் சந்திப்போம்" என்று சொன்னால், அது ஏறக்குறைய வணக்கம் போன்றது. நாளும் நேரமும் சொல்லும் வரை அது அழைப்பாகாது. ஜெர்மானியரிடம் இந்த வாரம் வரலாமா என்று கேட்டால், நாட்குறிப்பைப் புரட்டி மூன்று வாரம் கழித்து ஒரு தேதி சொல்வார். அது தட்டிக்கழித்தல் என்று நினைத்து நாம் ஒதுங்கிவிடுகிறோம். அவரோ அந்தத் தேதியில் காத்திருப்பார். முன்னறிவிப்பின்றிக் கதவைத் தட்டும் நம் வழக்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நீங்களே தேதி சொல்லி, இரண்டு பேரை மட்டும் சாப்பிட அழையுங்கள்.

இரண்டு கூட்டத்திலும் ஒரு காலை வைத்திருப்பதே என் பரிந்துரை. நம்மவர்களோடு மட்டும் இருந்தால் அந்த நாடு பத்தாண்டானாலும் அந்நியமாகவே இருக்கும். நம்மவர்களையே தவிர்த்தால், சொந்தமொழியில் அழவோ சிரிக்கவோ முடியாமல் போகும்.

வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் துணை

வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் என்ற ஒன்றாவது இருக்கிறது. அவரைத் தொடர்ந்து வந்த துணைக்கு, பெரும்பாலும் மனைவிக்கு, அதுவும் இல்லை. அமெரிக்காவின் எச்-4 விசாவில் இருப்பவர் வேலை பார்க்க முடியாது. கணவரின் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் மட்டும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க 2015இலிருந்து வழியுண்டு. ஊரில் பொறியாளராகவோ ஆசிரியராகவோ இருந்தவர், இங்கே "வீட்டில் சும்மாதான் இருக்கிறார்" என்று அறிமுகப்படுத்தப்படும்போது உள்ளே ஏதோ உடைகிறது.

இந்நிலையில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, தனக்கென்று வங்கி அட்டை, கைபேசி எண், ஓட்டுநர் உரிமம் அல்லது பேருந்துப் பயண அட்டை ஆகியவற்றைப் பெறுவது. வெளியே போக ஒவ்வொரு முறையும் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தால், எந்த ஆலோசனையும் பயன்படாது. அடுத்து, வாரத்தில் இரண்டு பகல்களை வெளியிடத்தில் கட்டிப்போடுங்கள்: மொழி வகுப்பு, நூலகம், பள்ளியில் தன்னார்வப் பணி. விசா அனுமதிக்கும் தன்னார்வப் பணி எது என்பதை முன்பே உறுதி செய்துகொள்வது அவசியம். கணவர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மாலையில் களைத்து வந்து திரையைத் திறக்குமுன், அன்று முழுவதும் தன்னைத் தவிர வேறு யாரோடும் பேசாத ஒருவர் எதிரே இருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது, வெளியே விடாமல் தடுப்பது, அடிப்பது போன்றவை நடந்தால் அது தனிமைப் பிரச்சினையின் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டுக் காவல் துறையையும் இந்தியத் தூதரகத்தையும் உடனே அணுக வேண்டும்.

எட்டுப் பேர் தூங்கும் அறையில்

துபாயில் கட்டில் அளவு இடத்தை வாடகைக்கு எடுத்து வாழ்கிறவருக்கும், சிங்கப்பூர் தொழிலாளர் விடுதியில் இருப்பவருக்கும் தனிமை என்றால் சிரிப்பு வரலாம். தனியாக இருக்க ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்பார்கள். ஆனால் பணி நேரம் வெவ்வேறாக, ஒருவர் எழும்போது மற்றவர் தூங்கப் போகிற அறையில், பேச்சுத் துணை என்பது இருப்பதில்லை. இவர்களுக்கு வாரத்தில் விடுமுறை நாள் ஒன்றுதான். அதை முழுவதும் தூங்கியே கழிப்பது உடம்புக்கு நியாயமாகப் பட்டாலும் மனத்துக்குக் கெடுதல். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுகிறவர்கள் இதை அறிந்தே கூடுகிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைத்தால், நாளுக்கு ஒரு வேளையாவது சேர்ந்து உண்ணலாம். கடனையும் வீட்டுச் செலவையும் எண்ணி விடுப்பே எடுக்காமல் நான்காண்டு போகாமலிருப்பது தியாகம்தான். ஆனால் பிள்ளை உங்களை அடையாளம் தெரியாமல் விழிக்கும் நாளை அது கொண்டுவந்துவிடும். குடிப்பழக்கம் இந்த அறைகளில்தான் சத்தமில்லாமல் தொடங்குகிறது. தனியாகக் குடிக்கத் தொடங்கியிருந்தால், அறையில் ஒருவரிடமாவது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குளிர்காலமும் பண்டிகைகளும்

டிசம்பர் பிற்பாதியில் சென்னையில் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். லண்டனில் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. ஹெல்சிங்கியில் ஆறுக்கும் குறைவு. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிற உடம்பு சோர்ந்து போவதில் வியப்பில்லை. பருவத்தையொட்டி வரும் இந்த மனச்சோர்வை நார்மன் ரோசன்தால் குழுவினர் 1984இல் மருத்துவ முறையில் விவரித்தார்கள். மதிய இடைவேளையில் மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே நடப்பதும், காலையில் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி முன் அரை மணி நேரம் அமர்வதும் பலருக்குப் பயன்படுகின்றன. கண்நோய் அல்லது இருதுருவ மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒளிப்பெட்டியைப் பயன்படுத்தக் கூடாது. நம் நிறத்தவர்களுக்கு அங்கே வைட்டமின் டி எளிதில் குறைந்துவிடும் என்பதால் அதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி பெரும்பாலும் ஒரு வேலை நாளில் வந்து, யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்த நாளுக்கு விடுப்பு எழுதி வைத்து, யார் வீட்டில், யார் என்ன சமைப்பது என்று பத்து நாள் முன்பே பேசி முடித்துவிடுங்கள். போக இடமில்லை என்றால் நீங்களே நால்வரை அழையுங்கள், அவர்களுக்கும் இடமிருக்காது.

தனிமையைத் தாண்டிப் போனால்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, முன்பு பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல், காலையில் எழுவதே மலையாகத் தெரிந்தால், அதை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு ஆலோசகர்கள் உண்டு. பல நிறுவனங்கள் ஊழியருக்கு ஆலோசனைச் சேவையை ஏற்பாடு செய்திருக்கின்றன. அங்கே பேசுவது வழக்கமாக மேலாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. இங்கிலாந்தில் மனநலப் பேச்சு சிகிச்சைக்கு மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் நேரடியாகவே பதிந்துகொள்ளலாம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே பேசுங்கள். அழைக்க வேண்டிய உதவி எண்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14, சிங்கப்பூரில் 1767, ஜெர்மனியில் 0800 111 0 111. சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தமிழில் பேச அழைக்கலாம்: +91 44 2464 0050. ஊரில் உங்களை எண்ணிக் கலங்கும் வீட்டாருக்கு, இந்திய அரசின் டெலி மானஸ் எனும் தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் சிக்கலில் இருக்கும் இந்தியர்கள், இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்தை 800 46342 என்ற எண்ணில் அழைக்கலாம். வழியின்றித் தவிப்பவருக்கு ஊர் திரும்பப் பயணச்சீட்டுக்கும் சட்ட உதவிக்கும், 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமுதாய நல நிதி தூதரகங்களிடம் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

ஊருக்குப் போய் வந்த பிறகு

முதல் விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும் வாரத்தைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. மூன்று வாரம் வீடு நிறைய ஆட்களோடு இருந்துவிட்டு, பூட்டிய அறையின் வாடையில் பெட்டியை வைக்கும் அந்த இரவு, முதன்முதலில் வந்திறங்கிய இரவைவிடக் கனமானது. அதனால் கிளம்புமுன்பே உங்கள் வாராந்திரக் கூட்டத்தாரிடம் திரும்பும் தேதியைச் சொல்லி, வந்த முதல் சனிக்கிழமைக்குச் சாவியோ சமையலோ ஏதாவது ஒரு பொறுப்பை உங்கள் பெயரில் எழுதிவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து பெட்டி கட்டும்போது, முறுக்கில் ஒரு பொட்டலத்தை அவர்களுக்கென்று தனியே கட்டி வையுங்கள்.